மூன்று கார்புரேட்டருக்கு ஒரு காது

என் கணவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அவரைத் தவிர எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்து, சாம்பார் அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்படியை எட்டிப் பார்ப்பார். போன் பக்கத்திலேயே கிடந்து அலறும். யாராவது ஏதாவது சொன்னால் தலையை ஆட்டுவார். கேட்டிருந்தால் ஒருமுறை ஆட்டுவார், கேட்காவிட்டால் இரண்டு முறை. இதை நான் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆகவில்லை. காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை பார்ப்பது என் வேலை. ராகு காலத்தில் அரை மணி நேரம் பிசகினால்கூட என் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில் கண்ணெதிரே நடக்கும் பிழையையா விடுவேன்?

அவர் பயர் ஆபீசில் போர்மேன். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெம்பக்கோட்டை போகும் வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே, தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அவற்றின் சாவியெல்லாம் இவர் பொறுப்பில். சாயங்காலமானால் அன்றைக்குச் செய்த சரக்கில் சிலவற்றை வெளிப்பொட்டலில் வெடித்துப் பார்க்க வேண்டும். பல வருடங்களாக அதைச் செய்தவர் இவர். பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், பஞ்சு வைத்தால் சத்தத்தின் தரம் எப்படித் தெரியும் என்பார். அப்படித் தரம் பார்த்துப் பார்த்தே காதைக் கொடுத்தார்.

சாதாரண ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்குக் காது மந்தம் என்றால் கேலியோடு போய்விடும். இவர் விஷயம் அப்படி இல்லை. இரும்புச் சாமான் கூடாது, செல்போன் கூடாது, ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது என்று அங்கே சுவரெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். எழுதி வைக்காத ஒரு விதியும் உண்டு. யாராவது "ஓடு" என்று கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். என்ன ஏது என்று கேட்கக் கூடாது. அந்தச் சத்தத்துக்கும் வெடிப்பதற்கும் நடுவில் பல நேரம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அவருக்கு அது கேட்குமா என்று எனக்குப் பயம். காலையில் அவர் வண்டியை எடுக்கும்போது தொடங்கும் பயம், சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் விடும்.

மதுரையில் காது டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன்.

"எனக்கு என்ன கேக்கல? நீ பேசுறது அம்புட்டும் கேக்குது. அதுதான் கஷ்டமே."

அவருடைய பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. காது கேட்காது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் அவரை யாரும் அறைகள் பக்கம் விட மாட்டார்கள். அந்த வேலை போனால் என்ன செய்வோம் என்பதைவிட, அந்த வேலை இல்லாத தன்னை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் தலையை ஆட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினார்.

இந்த லட்சணத்தில்தான் கார் வந்து சேர்ந்தது.

தீபாவளி முடிந்தால் பயர் ஆபீஸ்களுக்குக் கொஞ்ச நாள் லீவு. விருதுநகரில் ஒரு பழைய வியாபாரக் குடும்பத்தார் சரக்கு அடுக்கும் தங்கள் கிட்டங்கியை இடித்தார்கள். உள்ளே மிளகாய்ச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு அமெரிக்கக் கார் நின்றிருக்கிறது. என் மாமனார் வயது இருக்கும் அதற்கு. பழைய இரும்புக்குப் போக இருந்ததை இவர் பேசி வாங்கி, லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் இறக்கினார். நாரணாபுரம் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இது ஓட்டுறதுக்கா, கும்புடுறதுக்கா?" என்று கேட்டேன். ஒருமுறை தலையை ஆட்டினார். கேட்டிருக்கிறது.

ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் நீளமான எஞ்சின் அது. நல்லவேளையாக இறுகிப் போகவில்லை. ஆனால் கார்புரேட்டரை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது அதுதான். அந்தக் காருக்கு உரியது தேடினால் கிடைக்குமா? பார்த்தார், கேட்டார், பிறகு செல்போனில் வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தார். சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்துப் பார்ப்பார். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தன் கொட்டகையில் நின்று பேசுவது எங்கள் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். இவர் கீழே ஓடும் எழுத்தைத்தான் படிக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒன்றுக்குப் பதில் மூன்று கார்புரேட்டர் வைக்கப் போகிறேன் என்றார்.

"ஒண்ணே கிடைக்கல. மூணுக்கு எங்கன போவீக?"

"சின்னதா மூணு. இந்தா பாரு, ஆறு பேரை வரிசையா உக்கார வச்சு, நடுவுல ஒருத்தன் நின்னு பரிமாறுனா என்ன ஆகும்? நடுவுல இருக்கிறவன் இலையில குவியும். ஓரத்துல இருக்கிறவன் வாயைப் பாத்துக்கிட்டு இருப்பான். ஒத்தக் கார்புரேட்டர் அப்படித்தான். ரெண்டு சிலிண்டருக்கு ஒண்ணுன்னு மூணு வச்சா, எல்லா இலைக்கும் சமமாப் போகும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கோபமே வரவில்லை. லீவு நாளில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர், எதையாவது செய்யட்டும் என்று விட்டேன்.

அந்தக் காலத்து வாடகைக் கார்களின் கார்புரேட்டர்கள் மூன்றை மதுரையில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கிப் பிடித்தார். மூன்றும் மூன்று காரில் உழைத்துத் தேய்ந்தவை. அவற்றை எஞ்சினோடு இணைக்கும் குழாயை, அச்சு இயந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்துதரும் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்தார். புகைபோகும் குழாய் நேர் கீழே கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால் நடுவில் ஒரு தகட்டை மறைப்பாக வைத்தார். ஒரே மிதியில் மூன்றும் ஒன்றாகத் திறக்க வேண்டும் என்பதற்காக ஒரு கம்பியில் மூன்றையும் கோத்தார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் எந்த மெக்கானிக்கும் சிரிப்பான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொட்டகைக்குள் போவார். இரும்பை இரும்பால் தட்ட மாட்டார், அதற்கு ஒரு மரச் சுத்தியல். காருக்கு நாலு பக்கமும் மணல் வாளி. பானெட்டைத் தொடுமுன் கம்பிக் கதவைத் தொட்டுக்கொள்வார். பயர் ஆபீசில் அறைக்குள் நுழைபவர்கள் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க செம்புத் தகட்டைத் தொடுவார்கள், அந்தப் பழக்கம். ஸ்பேனரைக் கீழே வைப்பதுகூட, தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பது மாதிரிதான்.

இந்தப் பழக்கம்தான் அவரை ஓர் இடத்தில் கவிழ்த்தும் விட்டது. பட்டாசில் எல்லாம் அளவு. புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற பெண்கள் கையில் ஒரு அளவுக் கரண்டி இருக்கும். அள்ளி, மேலே குவிந்ததைத் தட்டிவிட்டு, கொட்ட வேண்டும். ஒன்றில் ஒரு சிட்டிகை கூடினாலும் இவர் கண்ணில் தெரிந்துவிடும். அதே கணக்கை எஞ்சினுக்கும் போட்டார். என் பிரஸ்ஸிலிருந்து காலண்டர் அட்டையில் ஒரே கனமுள்ள மூன்று துண்டுகள் வெட்டி வாங்கிக்கொண்டு போய், மூன்று கார்புரேட்டரிலும் மூடி திறக்கும் இடைவெளி அந்த அட்டையின் கனம்தான் இருக்க வேண்டும் என்று வைத்தார். திருகுகளையும் ஒரே அளவு திருப்பி விட்டார். அளவு ஒன்று, ஆகவே வேலையும் ஒன்று என்பது அவர் முடிவு.

எஞ்சின் கிளம்பியது. தெருவில் கைதட்டினார்கள். ஆனால் குலுங்கியது. கார் முழுக்கக் குலுங்கி, கொட்டகைத் தகரம் கிடுகிடுத்தது. இவர் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மறுபடி அட்டையை வைத்து அளந்தார். அளவு சரி. மறுபடி கிளப்பினார். அதே குலுக்கல். பிளக்கைக் குறை சொன்னார், பெட்ரோலில் கலப்படம் என்றார், கடைசியில் லேத் பட்டறைக்காரரையும் ஏசினார்.

அவர் படித்துக்கொண்டிருந்த அதே வீடியோவை நான் கேட்டுக்கொண்டும் இருந்தேன். அந்த வெள்ளைக்காரத் தாத்தா ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைத் தன் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் காட்டுவார். உள்ளே காற்று போகும் சத்தம் மூன்றிலும் ஒன்றுபோலக் கேட்கும் வரைக்கும் திருகுகளைத் திருப்புவார். பழைய எஞ்சினில் எந்த சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரே அளவு திறந்துவிட்டாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிதான் மூச்சு இழுக்கும். அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். இவ்வளவும் எழுத்தாகவும் ஓடியது. அவர் படிக்காமல் இருந்திருக்க முடியாது.

"குழாயை வச்சுக் கேட்டுப் பாத்தா என்ன?" என்றேன்.

"அளவு சரியா இருக்கும்போது சத்தம் எதுக்கு?"

இந்தப் பதிலை வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். சத்தத்தின் தரம் பார்க்கவென்றே காதைக் கொடுத்தவர் சொல்கிற பேச்சா இது? அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காது எவ்வளவு போயிருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, நானே ஒரு முழம் ரப்பர் குழாய் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். மறுக்க முடியவில்லை. எஞ்சின் குலுங்கிக்கொண்டு ஓட, ஒரு முனையைக் காதில் வைத்து, முதல் கார்புரேட்டர், நடு, கடைசி என்று காட்டினார். தலையை ஆட்டினார். இரண்டு முறை.

"மூணும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அந்த முனையை நான் பிடிக்கேன். நீங்க நல்லாக் கண்ணை மூடிக் கேளுங்க," என்றேன்.

கண்ணை மூடினார். நான் குழாயை நடுவில் மடித்து, காற்றுப் போகாமல் விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"இதுவும் அதே சத்தம்தான்," என்றார்.

"கண்ணைத் திறங்க."

திறந்தார். மடித்த குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, கார்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் செய்தது தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஜெயித்த மாதிரியும் இல்லை. ஒரு பிழையைச் சுழித்துக் காட்டியாயிற்று, திருத்துவது யார்? உள்ளே போய் அரிசியைக் களைந்தேன். சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தார். குழம்பில் உப்பு குறைவு. அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவர் உப்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டது எனக்கு ஏசினதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வெயில் சாய்ந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் அந்தக் குழாய்.

"நீ கேளு. நான் திருப்புறேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். எஞ்சின் ஓடும்போது நான் பேசினால் அவருக்குக் கேட்காது என்பதை, ஒரு சொல்லும் இல்லாமல் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். விரலை மேலே காட்டினால் கூட்ட வேண்டும், கீழே காட்டினால் குறைக்க வேண்டும். முதல் கார்புரேட்டரில் குழாயை வைத்ததும் காதுக்குள் உஸ்ஸென்று காற்று பாய்ந்தது, குக்கர் விசிலடிக்கும் முன் விடுகிற ஆவிச் சத்தம். நடுவில் இருந்தது அதைவிடத் தடித்த சத்தம், மூக்கடைத்தவர் இழுக்கிற மூச்சு. கடைசியில் இருந்தது கேட்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெலிந்திருந்தது. இத்தனை நாளும் ஒன்று அள்ளிக் குடிக்க, ஒன்று பட்டினி கிடந்திருக்கிறது.

விரலைக் காட்டினேன். திருப்பினார். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று மாறியது. மறுபடி முதலிலிருந்து. எனக்குக் கழுத்து வலித்தது, அவருக்கு விரல் சுட்டது. அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சத்தமும் கிட்டக் கிட்ட வந்தன. பிறகு ஒரு கட்டத்தில், குழாயை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதே தெரியாத அளவுக்கு ஒரே சத்தம். கையை விரித்துக் காட்டினேன். போதும்.

கொட்டகைத் தகரம் அடங்கியிருந்தது. அவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டுக் குனிந்து எஞ்சினின் காற்றாடியைப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சந்தோஷம். அதை நான் மறைக்கவில்லை, அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

எஞ்சினை அணைத்த பிறகும் அவர் அங்கேயே நின்றார்.

"இங்கன கேட்டுச் சொல்ல நீ இருக்க," என்றார். "அங்கன எனக்காக யாரைக் கொண்டாந்து நிப்பாட்டுறது?"

நான் குழாயைக் கையில் சுருட்டிக்கொண்டேன். குறுக்கே பேசினால் சொல்ல வந்ததை நிறுத்திவிடுவார் என்று தோன்றியது.

"ஆவணியில ஒரு நாள், மருந்து காயப்போட்ட மேடையில புகை மாதிரி வந்திருக்கு. எவளோ ஓடுன்னு கத்தியிருக்கா. அம்புட்டுப் பேரும் வேலியைத் தாண்டி ஓடிட்டாக. நான் அறைக்கு வெளிய முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு தட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன். மருந்து செலுத்துற பிள்ளை ஒருத்தி திரும்பி ஓடியாந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. அப்பத்தான் எனக்குத் தெரியும்."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"அன்னைக்கு ஒண்ணும் வெடிக்கல. வெறும் தூசிப்புகை. அதான் சொல்லல."

"அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொன்னீக?"

"ஏசினேன். ஓடச் சொன்னா ஓடணும், யாரைக் கேட்டு நீ திரும்பி வந்தன்னு எல்லார் முன்னாடியும் ஏசினேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த குழாயை அவர் மேலேயே எறிந்தேன். அவர் விலகிக்கொள்ளவில்லை. அதோடு அழுகையும் வந்தது. அவர் செத்திருப்பார் என்பதற்கு மட்டும் இல்லை. முகம் தெரியாத ஒருத்தியையும் கூடச் சேர்த்து நான் இத்தனை நாள் சாவின் வாய்க்கு அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறேனே என்றுதான்.

அப்போதும் வேலையை விடுவதாக அவர் சொல்லவில்லை. அவரிடம் ஒரு யோசனை இருந்தது. அடுத்த தீபாவளி வரைக்கும் பார்க்கலாம். எது நடந்தாலும் தனக்காகத் திரும்பி வரக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஏசியதற்கும் சமாதானம் சொன்ன மாதிரி ஆகும். நான் வாதாடவில்லை. வண்டியை எடுங்கள், போவோம் என்றேன்.

மறுநாள் அந்தக் கார் முதன்முதலாக ரோட்டில் இறங்கியது. அவளுடையது வெம்பக்கோட்டைக்கு முன்னால் ஒரு சின்ன ஊர். கார் போய் நின்றதும் ஊரே கூடிவிட்டது. அந்தப் பெண் மக்காச்சோளக் காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே, "வாங்க அண்ணாச்சி, வாங்கக்கா," என்று திகைத்துப்போய் நின்றாள். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பாள் போல, முகம் வெளிறியிருந்தது.

இவர் வாசலில் நின்றே சொன்னார். "அன்னைக்கு உன்னைய ஏசினது தப்பும்மா. ஆனா ஒண்ணு சொல்லுதேன். இனிமே என்ன நடந்தாலும் எனக்காகத் திரும்பி வரக் கூடாது. நீ பாட்டுக்கு ஓடிரணும். சரியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்து, மெதுவாக என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்டது. கூட நின்ற பெண்களுக்கும் கேட்டது.

இவர் தலையை ஆட்டப் போனார். ஆட்டவில்லை.

"எனக்குக் காது கேக்காதும்மா," என்றார், அத்தனை பேருக்கும் நடுவில், தேவைக்கு மேல் சத்தமாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுதா?"

அவர் காதோரம் போய், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "நீங்க அங்கன நிக்கிறது தெரிஞ்சா அவளால எப்படி ஓட முடியுமாம். இன்னொரு தடவையும் வரத்தான் செய்வாளாம்."

அவள் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை வாங்கி முழுக்கக் குடித்தார். வீட்டுக்கு வரவில்லை. வண்டியை நேரே பயர் ஆபீஸ் முதலாளி வீட்டுக்கு விட்டார். அறைகளின் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.